கண்ணாடி பளிச், உள்ளே பழுது: பழைய லென்ஸ் வாங்கியவர்களின் மூன்று கேள்விகள்

கேள்வி: கல்யாண வீடுகளில் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பழைய ஜூம் லென்ஸ் ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பூஞ்சையும் இல்லை, கீறலும் இல்லை. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து எடுத்தால் படம் அருமையாக விழுகிறது. அதைச் சுருக்கி எஃப் 8-க்குக் கொண்டுபோனால் கேமரா நின்றுவிடுகிறது. லென்ஸ் தொடர்பு சரியில்லை என்று திரையில் வருகிறது. கடை அண்ணாச்சியோ, "பழைய சாமானைத் திரும்ப வாங்குவதில்லை, பில்லிலேயே போட்டிருக்கிறது" என்கிறார். என் பணம் போனதுதானா? — வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போகவில்லை. ஆனால் கடைக்குத் திரும்பப் போகும் முன் பழுது எங்கே என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே கேமராவில் வேறொரு லென்ஸை மாட்டி எஃப் 8-இல் எடுங்கள். அது ஓடினால் கேமரா மேல் குற்றமில்லை. பிறகு உங்கள் லென்ஸின் பின்புறம் வரிசையாக இருக்கும் பொன்னிறக் காண்டாக்டுகளை (மின்தொடர்புப் புள்ளிகளை) உலர்ந்த மென்துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள். அழிரப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், முலாம் தேய்ந்துவிடும்.

துடைத்தும் சரியாகவில்லையா? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் எந்த எண்ணை வைத்தாலும், நாம் குறிபார்க்கும் நேரமெல்லாம் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும். ஷட்டர் விழும் கணத்தில்தான் அந்தத் துளையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளான பிளேடுகள் சுருங்கி, உடனே விரிகின்றன. முழுத் திறப்பில் எடுக்கும்போது அவற்றுக்கு வேலையே இல்லை. அதனால் பழுது தலைகாட்டவில்லை. எஃப் 8 என்றதும் அவை அசைந்தாக வேண்டும், அசைய முடியவில்லை, கேமரா நின்றுவிடுகிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்டுக்குப் பக்கத்தில், பிளேடுகளை முன்கூட்டியே சுருக்கிக் காட்டும் முன்னோட்டப் பொத்தான் இருந்தால், எஃப் 8 வைத்து அதை அழுத்தியபடி லென்ஸின் முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். நல்ல லென்ஸில் பிளேடுகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, நடுவில் சிறு பலகோண ஓட்டை விழும். பிறகு ஜூமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுங்கள். ஓரிடத்தில் எடுக்கிறது, இன்னோர் இடத்தில் நிற்கிறது என்றால், அப்பர்ச்சருக்கு மின்சாரம் கொண்டுபோகும் நாடா போன்ற ஃபிளெக்ஸ் கேபிள் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜூம் வளையம் திரும்பும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி நாளடைவில் அது நைந்துபோகிறது. எல்லா இடத்திலும் நின்றால் பிளேடுகளை அசைக்கும் அப்பர்ச்சர் மோட்டார் மீதும் சந்தேகப்படலாம். இத்தனையையும் ஒருவரை விட்டு அலைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தேதியோடு இருக்கட்டும். லென்ஸை நீங்கள் அவிழ்க்காதீர்கள். அவிழ்த்த கையோடு உங்கள் வழக்கும் அவிழ்ந்துவிடும்.

இனி பில்லுக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள். போடவில்லை என்றால் 30 நாளுக்குள். உங்களுக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருக்கிறது, அதனால் தாமதிக்க வேண்டாம். "திரும்ப வாங்குவதில்லை" என்று அச்சடித்துவிட்டால் கடையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. பழைய பொருளில் பழைமைக்கு உரிய தேய்மானத்தை நாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்: பெயின்ட் போயிருக்கலாம், வளையம் தளர்ந்திருக்கலாம். அப்பர்ச்சர் சுருங்காது என்பதைச் சொல்லாமல் விற்பது அந்தக் கணக்கில் வராது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று வாதாடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். தேதி, தொகை, பழுது, பணம் வேண்டுமா பழுதுநீக்கம் வேண்டுமா என்பது, பதினைந்து நாள் கெடு: ஒரு பக்கம் போதும், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். ஆனாலும் அண்ணாச்சி பழுதுநீக்கிக் கொடுக்கச் சம்மதித்தால் அதை ஏற்பதே நல்லது என்பது என் கருத்து. முகூர்த்தக் காலத்தில் உங்களுக்கு முதலில் வேண்டியது ஓடுகிற லென்ஸ்.

கேள்வி: செம்மணல் தேரிக்காட்டில் படம் எடுத்து வந்ததிலிருந்து ஜூம் வளையம் நறநறக்கிறது. இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடலாமா? — வாசகி, திசையன்விளை

பதில்: விடவே கூடாது, அம்மா. எண்ணெய் மெல்ல ஊர்ந்து பிளேடுகளுக்குப் போய்விடும். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மணலோடு சேர்ந்தால் அரைக்கும் சாந்தாகவும் மாறும். தேரி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அலுமினியத்தைவிடக் கடினம். ஒவ்வொரு திருப்பலும் உள்ளே ஒரு கோடு போடுகிறது. வளையத்தைத் திருப்புவதை நிறுத்துங்கள். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் புளோயரால் இடுக்குகளில் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். ரப்பர் பிடியின் ஓரத்தில் சிக்கிய மணல் இதிலேயே வந்துவிடும். அதன் பின்னும் நறநறத்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து அவிழ்த்துச் சுத்தம் செய்வதுதான் வழி. ஆனி, ஆடிக் காற்றில் அங்கே போனால் லென்ஸை மாற்றுவதையும் தவிருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தம் சொந்த லென்ஸை விற்கிறார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சந்திக்கலாம் என்கிறார். நம்பி வாங்கலாமா? — வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வியாபாரியாக இல்லாமல், தம் பொருளை ஒரு முறை விற்பவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். ஆகவே பணம் கொடுக்கும் முன் செய்யும் சோதனைதான் உங்கள் காப்பு. ஒரு முறை நான் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினேன். வீட்டில் கவனித்தால் பிளேடுகளின் மேல் எண்ணெய் மீன் செதில்போல் மினுமினுத்தது. வெயிலில் நின்ற வண்டிப் பெட்டிக்குள் கிடந்த லென்ஸ்களில் உள்ளே பூசிய கிரீஸ் இளகி இப்படி ஊர்ந்துவிடும்.

உங்கள் கேமராவைக் கொண்டுபோங்கள். அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறையில் எஃப் 16 வைத்து, வெயில் விழும் வெள்ளைச் சுவரைத் தொடர்ந்து இருபது படம் எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் ஓரிரண்டு படம் மட்டும் வெளுத்திருந்தால் பிளேடு ஒட்டுகிறது. நிக்கானின் பழைய ஜி வகையாக இருந்தால் பின்புறமுள்ள சிறு நெம்புகோலை நகத்தால் தள்ளி விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும், சோம்பலாக நகரக் கூடாது. அடுத்து, செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி நேராக நின்று முழுத் திறப்பில் ஒரு படம். நான்கு மூலை எழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து கண்ணாடி சாய்ந்திருக்கலாம். எந்த விலைக்கும் வேண்டாம். தலைகீழாகப் பிடித்தால் ஜூம் தானாக இறங்குகிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள், அது சாதாரணத் தேய்மானம். அதைச் சொல்லி ஐநூறு, ஆயிரம் குறைத்துக் கேளுங்கள்.