ரோபோ அப்லேஷன் முடிஞ்சு 3 வாரத்துல அப்பாவுக்கு மறுபடி படபடப்பு: பதில்

அப்பாவுக்கு ரோபோ வச்சு அப்லேஷன் (இதயத்துல தப்பான துடிப்பைக் கிளப்பற திசுவைச் சுடற சிகிச்சை) பண்ணியும் படபடப்பு திரும்பிடுச்சே, தோத்துப்போச்சான்னு கேட்டீங்க. அப்படின்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தோட மேலறைங்க தாறுமாறா துடிக்கறது) அப்லேஷன் பண்ணின முதல் 2–3 மாசத்துல படபடப்பு திரும்பினா அதைத் தோல்வியா டாக்டருங்க எடுத்துக்கறதில்லீங்க.

பெரும்பாலும் சூடு வச்ச இடத்து வீக்கம்தான் காரணம். காந்த ரோபோ, இதயத்துக்குள்ள விடற மெல்லிசான குழாயோட (கத்தீட்டர்) நுனியை நகர்த்த மட்டுந்தான். திசுவைச் சுடறது கையால பண்றப்போ இருக்கிற அதே ரேடியோ அலை மின்சாரம். புண் ஆறித் தழும்பாக நாளாகும்.

அப்பா கோபிசெட்டிபாளையத்துல வீட்ல இருக்காருன்னீங்க. படபடக்கறப்போ மணிக்கட்டுல, கட்டைவிரல் பக்கம், மூணு விரல் வச்சு முழுசா 60 வினாடி எண்ணுங்க. 15 வினாடி எண்ணி நாலால பெருக்கினா, தாறுமாறான துடிப்புல கணக்குத் தப்பும். உடனே அங்கேயே ஈசிஜி எடுத்துருங்க. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள படபடப்பு அடங்கிட்டா எதுவும் பதியாது.

ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. மயக்கம், மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குளறல் வந்தா பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பவே கிளம்புங்க. காய்ச்சலோ, விழுங்கறப்போ நெஞ்சுவலியோ வந்தாலும் அப்படித்தான். அபூர்வமா அந்தச் சூடு பட்டு உணவுக்குழாய்ல ஓட்டை விழுந்திருக்கலாம். அப்லேஷன் ஆனதை முதல்ல சொல்லுங்க. ஓட்டை இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கற எண்டோஸ்கோபி ஆபத்து, சிடி ஸ்கேன்தான் எடுக்கணும்.