போனில் சொல்வதும் சீட்டில் எழுதுவதும்: சேலம் செவிலியர் கேள்வி பதில்

ஒரு நோயாளியை டாக்டர், செவிலியர், மருந்தாளுநர், லேப், பிசியோ, 108 என்று பல பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விஷயம் மாறும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு மூத்த செவிலியர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (சேலம், புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்): அக்கா, ராத்திரி டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டா "அப்ஸர்வ் பண்ணுங்க சிஸ்டர்"னு வெச்சிடறாங்க. விடியறதுக்குள்ள பேஷன்ட் மோசமாயிடறாங்க. எப்படித்தான் சொல்றது?

பதில்: "பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்" என்று ஆரம்பித்தால், தூக்கத்தில் எழுந்தவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, தங்கச்சி. போனை எடுக்கும் முன் படுக்கைக்குப் போங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் ஏமாந்துவிடுவோம். நாடி, பிபி, ஆக்ஸிஜன், காய்ச்சல், நினைவு, சிறுநீர் எல்லாம் எழுதி, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இப்படி:

"சார், ஆண்கள் சர்ஜரி வார்டு, 14ஆம் பெட். மூச்சு 28, நாடி 124, பிபி 92/60, காய்ச்சல் 102, ஆக்ஸிஜன் வைக்காம 91. வயசு 62, குடல் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். காலையில பிபி 130/80. நாலு மணி நேரமா சிறுநீர் 60 மில்லிதான். செப்சிஸா, அதாவது கிருமி உடம்பு முழுக்கத் தாக்கிடுச்சோன்னு பயப்படறேன். 15 நிமிஷத்துல நீங்க வந்து பார்க்கணும். அதுவரைக்கும் ஆக்ஸிஜன் வெச்சுடறேன். பிளட் கல்ச்சர் எடுக்கட்டுமா, ஃப்ளூயிட் எவ்வளவு போடட்டும்?"

இப்போது என்ன, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, எனக்கு என்ன வேண்டும் என்ற இந்த நாலு படிக்கு எஸ்பார் (SBAR) என்று பெயர். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை. நம்மவர்கள் முதல் இரண்டைச் சொல்லிவிடுவார்கள். "டாக்டருக்கு நாம சொல்றதா" என்ற கூச்சத்தில் விட்டுவிடுவது கடைசி இரண்டையும்தான். அவரை எழுந்து வர வைப்பதும் அந்த இரண்டுதான்.

மூச்சு, நாடி, பிபி போன்ற அளவுகளுக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தைக் காட்டும் நியூஸ்-2 (NEWS2) அட்டவணை உங்கள் வார்டில் இருந்தால் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன நோயாளிக்கு, நினைவு தெளிவாக இருந்தாலே 11 வரும். 7 தொட்டாலே அவசரம்.

அப்புறமும் "அப்ஸர்வ்" என்றால், "எந்த அளவு வந்தா திரும்பக் கூப்பிடணும் சார், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்?" என்று கேளுங்கள். கூப்பிட்ட நேரம், கிடைத்த பதில் இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள். நிலைமை இறங்கினால் அடுத்த மேல் டாக்டரைக் கூப்பிடுவது உங்கள் கடமை. அது கோள் சொல்வது ஆகாது.

கேள்வி (ஏற்காடு, கிராம சுகாதார செவிலியர்): எட்டு மாச கர்ப்பிணி, பிபி 170/110, தலைவலி, கண்ணு மங்கலா தெரியுதுங்கறாங்க. சேலத்துக்கு அனுப்பறப்ப சீட்டுல என்னென்ன இருக்கணும்?

பதில்: வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரும் நிலை இது. மருத்துவ அலுவலர் மக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் போடச் சொல்வார். நம் கையில் இருக்கும் 50 சதவீத ஆம்பூல், 2 மில்லியில் 1 கிராம். ஒவ்வொரு புட்டத்திலும் 5 ஆம்பூல், அதாவது 10 மில்லி, ஆழமாகத் தசையில். மொத்தம் 10 கிராம்.

சீட்டில் "மக்னீசியம் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி அனுப்புவதை இன்றும் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். எத்தனை கிராம், எந்த வழி, எத்தனை மணிக்கு என்று இல்லாவிட்டால் கீழே சேலத்தில் இருப்பவர்கள் மறுபடி முழு டோஸ் ஏற்றலாம், அல்லது போட்டாயிற்று என்று அடுத்த டோஸை விடலாம். மருந்து மிஞ்சினால் முதலில் முழங்கால் துடிப்பு (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுவது) போகும், பிறகு மூச்சு. அதனால் கிளம்பும்போது முழங்கால் துடிப்பு இருந்ததா, மூச்சு எத்தனை, சிறுநீர் எவ்வளவு என்பதும் சீட்டில் வேண்டும். மூச்சு 16க்குக் கீழே, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே என்றால் அடுத்த டோஸை நிறுத்தி டாக்டரைக் கேட்கவேண்டும். மக்னீசியம் மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி, நரம்பில் மெதுவாக 10 நிமிடத்தில். அது வண்டியில் இருக்கிறதா என்று 108 டெக்னீஷியனிடம் ஏற்றும்போதே கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, சக்‌ஷனைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். சேலம் பிரசவ வார்டுக்கு வண்டி நகரும் முன்பே பேசிவிடுங்கள், வளைவுகளில் சிக்னலை நம்ப முடியாது. சீட்டை இரண்டு பிரதியாக எழுதுங்கள்: ஒன்று தாய் சேய் அட்டையோடு, ஒன்று டெக்னீஷியன் கையில்.

கேள்வி (அம்மாப்பேட்டை, மருந்தாளுநர்): எங்ககிட்ட 40 இன்சுலினும் 100 இன்சுலினும் ரெண்டுமே வருது. வார்டுல குழப்பம் வராம இருக்க எங்க பக்கம் என்ன செய்யலாம்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் இருக்கும் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. டாக்டர் எழுதியது 20 யூனிட் என்று வையுங்கள். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, உள்ளே போவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் 8 யூனிட்தான் போகும். குப்பியையும் அதற்குரிய சிரிஞ்சையும் ஒரே பையில் போட்டு அனுப்புங்கள், தனித்தனியாக வேண்டாம். செவிலியர் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து இரண்டிலும் உள்ள எண்ணைப் படிக்கவேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மூடியின் நிறத்தையும் எழுதுங்கள். "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள். U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் பூஜ்ஜியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகும்.

கேள்வி (ஓமலூர்): சீனியர் டாக்டர் சொல்ற டோஸ் தப்போன்னு தோணுனா எப்படிங்க தடுக்கறது? கத்துவாங்களே.

பதில்: முதலில் திருப்பிச் சொல்லுங்கள். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரி கேட்கும், "ஒன் ஃபைவா சார், ஃபைவ் ஜீரோவா?" என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் மூன்று படி: "கவலையா இருக்கு சார்", "இது எனக்குச் சரியா படலை", "இது பேஷன்டுக்கு ஆபத்து, நிறுத்திக்கலாம்." மூன்றாவதைச் சொன்னபின் ஊசியைப் போடாதீர்கள், மேலதிகாரியைக் கூப்பிடுங்கள். கத்தினாலும் பரவாயில்லை.

கேள்வி (சேலம், லேப் டெக்னீஷியன்): மலையிலிருந்து வர்ற சாம்பிள்ல பொட்டாசியம் சும்மா சும்மா கூடுதலா காட்டுதுங்க.

பதில்: ரத்தத்தைப் பிரிக்காமல் ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பினால் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். மேலேயே சுழற்றி சீரத்தைப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயிலிருந்து வேறு குழாய்க்கு ஊற்றுவதும் கூடாது, அதில் இருப்பதே பொட்டாசியம் உப்பு. எடுத்த நேரம் எழுதாத சாம்பிளைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தையும் செவிலியரிடம் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி (ஏற்காடு, சுகாதாரத் தன்னார்வலர்): மக்களைத் தேடி மருத்துவத்துல பக்கவாத வீட்டுக்கு நர்ஸ் ஒரு நாள், பிசியோ ஒரு நாள் வர்றாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு வீட்டுக்காரங்க குழம்பறாங்க.

பதில்: அந்த வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார் வந்தாலும் தேதி, பார்த்தது, சொன்னது என மூன்று வரி. அடுத்து வருபவர் முதலில் அதைப் படிக்கட்டும், மாற்றவேண்டியிருந்தால் முன்னவரிடம் போனில் பேசிவிட்டு மாற்றட்டும். முதல் பக்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டதை எழுதி வையுங்கள்: ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காமல் தூக்குவது, நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுவது, ஊட்டியபின் அரைமணி நேரம் படுக்கவிடாதது. விழுங்கும்போது இருமினால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு யாருக்குப் போன் செய்வது என்ற எண்ணும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில்.