மேடையில் கண் திறக்காத மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, பிளஸ் டூ முடித்ததும் கர்நாடக இசையையே தொழிலாக எடுக்கப்போவதாக மகள் சொல்கிறாள். மேடை ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறாள், யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, இவள் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். சபையைப் படிப்பது, அதாவது கேட்பவர்களின் மனநிலையை அறிவது, பழகப் பழக வருவதுதான்.

ராகத்தைப் பாட்டு வரிகள் இல்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில் கண்ணை மூடுவது குறையே இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அரங்கைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டனவா? பின்வரிசையில் பேச்சு எழுகிறதா? பேச்சு எழுந்தால் பாட்டுதான் சரியில்லை என்று கலங்க வேண்டாம். பல நேரம் அங்கே மைக் சத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறையே ரசிகரை அறிந்து அமைத்ததுதான் என்று நினைக்கிறேன். தொடக்கப் பாட்டான வர்ணம் பாடும்போது குரல் பதமாகும், தாமதமாக வருபவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் விறுவிறுப்பான கீர்த்தனைகள். சபை களைகட்டிய பிறகே விரிவான ராகம். கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சிறிய, இலகுவான பாடல்கள். இந்த வரிசைக்குள் பாட்டை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் பாடகருக்கு உண்டு. தோடி ராகத்தை விரிவாகப் பாடி முடித்ததும் சபை சோர்ந்து தெரிந்தால், அடுத்து வைத்திருந்த விளம்பகால (மெதுவான) கீர்த்தனையை விட்டுவிட்டு மத்திமகாலத்தில் (சற்று வேகமாக) ஒன்றை எடுக்கலாம். அதற்குக் கைவசம் நிறைய பாடம் வேண்டும், பக்கவாத்தியக்காரர்களிடம் முன்பே சொல்லியும் வைக்க வேண்டும். கோயில் திருவிழாவில் திருப்புகழோ பாபநாசம் சிவன் பாடலோ வந்தால் கூட்டமே நிமிர்ந்து உட்காரும். அதற்காக, கேட்பவருக்குத் தெரிந்ததை மட்டுமே பாடக் கூடாது. ராகத்தின் பெயரையும் இயற்றியவர் பெயரையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பாடினால் புதிய பாட்டையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் சிலர் எழுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பாடகர் மிருதங்கத்தைப் பார்த்தபடி ஈடுபாட்டோடு தாளம் போட வேண்டும். அவரே வேறு பக்கம் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் ரசிகர் எதற்காக உட்கார வேண்டும்?

படிப்பைப் பொறுத்தவரை, சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசைத் துறை உண்டு. பட்டம் இருந்தால் ஆசிரியர் பணிக்கு உதவும். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் தொடக்கத் தரமான ‘பி’ கிரேடு கிடைத்தால் அதுவும் ஓர் அங்கீகாரம். தொடக்க ஆண்டுகளில் கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பாட்டு வகுப்பு எடுக்கத்தான் வேண்டியிருக்கும். இதை அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள். கல்லூரியில் சேர்க்கும் முன், மாணவர் கச்சேரி எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்று விசாரியுங்கள். கட்டட வசதியைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மார்கழியில் சென்னை சபாக்களின் இலவச மதியக் கச்சேரிகளுக்கு அழைத்துப் போங்கள். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து பாடுபவரோடு கேட்பவர்களையும் கவனிக்கட்டும். அவளுடைய அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் கைபேசியை ரசிகர்கள் பக்கம் திருப்பிவைத்துப் பதிவு செய்யுங்கள். எந்த இடத்தில் தலைகள் அசைந்தன, எங்கே கவனம் கலைந்தது என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பதிவை அவளுடைய குருவிடமும் காட்டுங்கள்.