உணர்வு மங்கிய பாதத்தோடு உறைபனியில் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 59. காரைநகரில் இருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். சீனி வருத்தம் வந்து 11 வருடம். மெற்போமின் குளிசையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். பிறஷருக்கு அட்டெனோலோல். வருகிற மார்ச்சில் நோர்வேயின் வடக்கே அல்டாவில் இருக்கும் மகளிடம் போகிறேன். மருமகன் இரண்டு ஹஸ்கி நாய்கள் வளர்க்கிறார். "நாய்களோடு பனியில் நாலு நாள், குடிலுக்குக் குடில் நடந்து போவம், நீங்களும் வாங்கோ மாமி" என்கிறார். தினமும் விடிய கசூரினாக் கடற்கரையில் நடக்கிறவள் நான். கால் சிலநேரம் விறைக்கும், வேறு குறை இல்லை. போன நல்லூர்த் தேருக்கு வெறுங்காலோடு நின்றபோது மணல் கொதித்தது. மற்றவர்கள் துள்ளித் துள்ளிப் போனார்கள். எனக்குச் சூடே தெரியவில்லை, முருகன் அருள். நான் இந்தப் பயணம் போகலாமா? வழியில் நாய் கடித்தாலோ கீறினாலோ என்ன செய்வது?

பதில்: ரீச்சர், நோர்வேக்குப் போங்கள். பனியில் நடவுங்கள், நாய்களோடும் நடவுங்கள். அந்த நாலு நாள் பயணத்துக்கு மட்டும் இந்த முறை நான் சம்மதம் தரமாட்டேன். வயதைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. தினமும் மணலில் நடக்கிற உங்கள் மூச்சும் தசையும் பலரைவிட நல்ல நிலையில் இருக்கும். என்னைக் கவலைப்படுத்துவது நல்லூர் வீதியில் சூடு தெரியாமல் போன அந்தப் பாதங்கள்.

முருகன் அருளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் கொதிக்கிற மணல் சுடவில்லை என்றால் பாதத்து நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது என்றுதான் ஒரு வைத்தியர் எடுத்துக்கொள்வார். சீனி வருத்தம் உடம்பின் மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்கும்; அதனால்தான் விறைப்பு கால்விரல்களில் ஆரம்பிக்கிறது. சூட்டைச் சொல்லும் நரம்புகள் போன இடத்தில் குளிரைச் சொல்லும் நரம்புகளும் போயிருக்கும்.

உறைகுளிரில் உடம்பு இருதயம், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற, கை கால் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்தம் வராத விரல் வேகமாகக் குளிரும். தோலின் சூடு பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே அது உறையத் தொடங்கும். நரம்பு நல்லாக உள்ளவருக்கு அதற்கு முதலே விரல் எரியும், வலிக்கும். அவர் காலை உதறுவார், உள்ளே ஓடுவார். அந்த வலிதான் விரலைக் காப்பாற்றுகிறது. உங்களுக்கு அது வராது. விரல் வெளிறி, மெழுகு போலக் கெட்டியாகும்போதும் நீங்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு நடப்பீர்கள். சீனி வருத்தக்காரரில் பாதத்து இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம் என்பதால், உறைந்த விரல் ஆறுவதும் கடினம். விரலை எடுக்க வேண்டிய நிலை வருவது இப்படித்தான்.

அல்டா கடற்குடாக் கரையில் இருப்பதால் ஊருக்குள் குளிர் ஓரளவு மட்டு. நடைபோகும் பின்மார்க் மேட்டுநிலம் அப்படியில்லை. அங்கே உள்ள கராஷொக்கில் 1886 ஜனவரி 1 அன்று −51.4 பாகை பதிவானது. நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை அது. மார்ச்சில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் −15, −20 என்பது அங்கே அதிசயமும் இல்லை, காற்றும் சேர்ந்தால் தோல் இன்னும் வேகமாகக் குளிரும்.

ஆகவே நீங்கள் கேட்ட நாலு நாளை ஒரு நாளாக்குங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகாமல் ஒரு சூடான கூரைக்குள் வந்து, சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி, பாதத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய பாதையாக அது இருக்க வேண்டும். உங்கள் பாதத்துக்கு இனிக் கண்தான் நரம்பு. விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் மகளோ மருமகனோ பார்க்கட்டும். வெளிறியோ சாம்பல் நிறமாகவோ, கெட்டியாகவோ ஓரிடம் தெரிந்தால் அன்றைய நடை முடிந்தது. நோர்வே மக்கள் மலைநடைக்கு வைத்திருக்கும் விதிகளில் ஒன்று, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. மருமகனுக்கு அது தெரிந்திருக்கும்; மாமிக்காகத் திரும்புவதை அவர் குறையாக நினைக்கமாட்டார்.

உறைந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது. திரும்பவும் உறையும் வாய்ப்பு இருந்தால் அதைச் சூடாக்கவும் கூடாது. உள்ளே வந்த பின் 37 முதல் 39 பாகை வரையான நீரில் வைக்கலாம். நீரின் சூட்டை மகள் தன் முழங்கையால் பார்க்க வேண்டும், நீங்கள் காலால் பார்க்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்: குடிலில் விறகடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்காராதீர்கள். சப்பாத்துக்குள் வைக்கும் சூட்டுப் பொதிகளும் உங்களுக்கு வேண்டாம். பனியில் தப்பின பாதம் அடுப்படியில் வெந்துபோகும்.

போகுமுன் உங்கள் கிளினிக்கில் பாதப் பரிசோதனை கேளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையைப் பாதத்தில் வைத்து உணர்வைப் பார்ப்பார்கள், காலின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. நாடித் துடிப்பு பலவீனம் என்றால் அந்த ஒரு நாள் நடையும் வேண்டாம். வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். சப்பாத்தை அங்கே போய், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், தடித்த கம்பளிச் சொக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்கள் அசையும் அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான சப்பாத்து இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் நிறுத்திவிடும். பருத்திச் சொக்ஸ் நனைந்தால் சூடு போய்விடும். இங்கே இப்போதிருந்தே கசூரினாவில் வெறுங்காலோடு நடப்பதை விடுங்கள். மூடிய சப்பாத்தோடு மென்மணலில் நடப்பது பனிநடைக்கு நல்ல பயிற்சி. அடுத்த தேருக்கும் வெயில் ஏறுமுன் போய்வாருங்கள்.

இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது. முதுகுப்பையில் வைக்காமல் உள்ளுடுப்புக்கு அருகில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளுக்கோமீற்றரும் அதே இடத்தில்தான். குளிரில் அது வேலைசெய்யாது. அங்கே வாங்கும் மீற்றர் வேறு அலகில் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நம்முடைய 70 அங்கே 3.9. அங்கே 7 என்று கண்டால் பயந்து சீனியை விழுங்காதீர்கள், அது நம்முடைய 126. அங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும்.

நீண்ட நடைக்குப் பின் சீனி அன்றிரவும் இறங்கலாம். அன்றைய இன்சுலின் அளவை எவ்வளவு குறைப்பது என்று உங்கள் வைத்தியரிடம் இங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அட்டெனோலோல் எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். அந்தக் குளிசை கை கால்களை மேலும் குளிர வைக்கவும் செய்யும். அதற்காக நீங்களாக அதை நிறுத்தக் கூடாது. மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், கை தடுமாறும், புத்தி மந்தமாகும். சீனி இறங்கினாலும் இதேதான். இரண்டில் எது என்று அந்த இடத்தில் ஆராய வேண்டாம்: விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் கொடுத்து, ஈர உடுப்பைக் கழற்றிச் சூடாக்கி, நோர்வேயின் அவசர மருத்துவ எண்ணான 113 க்கு அழைக்க வேண்டும். மருமகனுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

நாய்களைப் பற்றி நீங்கள் கடியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் இழுவையில். ஹஸ்கி இழுப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். மேட்டுநிலத்தில் கலைமான் கண்ணில் பட்டால் ஒரே பாய்ச்சல்தான். மாதவிடாய் நின்ற பின் எலும்பு மெலிந்திருக்கும் வயதில், பனிக்கட்டியில் கையூன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். ஆகவே நாய்க் கயிற்றை இடுப்பிலோ கையிலோ கட்டாதீர்கள், அது மருமகனிடம் இருக்கட்டும். நாய்களின் விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகும். அதை எடுக்க அவர் அடிக்கடி நிற்பார். அந்த நிறுத்தங்களை உங்களுடையதாக்குங்கள். சூடாக ஏதாவது குடியுங்கள், குளிரில் தாகம் தெரியாது. சப்பாத்துக்குள் விரல்களை ஆட்டுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள், மூக்கும் கன்னமும் வெளிறுகிறதா என்று.

கடியோ கீறலோ பட்டால்: நோர்வேயின் பெருநிலத்தில் விசர்நாய் நோய் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு நாயின் பல் பட்ட புண் விரைவில் சீழ்பிடிக்கும். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாகப் போட்ட திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு போங்கள். காரைநகரில் ஒரு தெருநாய் கடித்தால் கதை வேறு: 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, வேறு எதையும் பூசாமல், நேரே வைத்தியசாலைக்கு.