பக்கவாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை இல்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன மாதம் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. அவசரப் பிரிவில் விரலைக் குத்தி சுகர் மட்டும் பார்த்துவிட்டு நேரே சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்புக்கு ட்ரோபோனின் இருப்பதுபோல் இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாதா? இப்போது ஒரு லேபில் ஹோமோசிஸ்டீன், சிஆர்பி, டி-டைமர், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் எல்லாம் சேர்த்து ‘ஸ்ட்ரோக் பேக்கேஜ்’ தருகிறார்கள். அப்பாவுக்கும், முப்பதுகளில் இருக்கும் எனக்கும் தம்பிக்கும் எடுக்கலாமா?

பதில்: அவசரப் பிரிவில் செய்தது சரிதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் எல்லோருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை குளுக்கோஸ் ஒன்றுதான். சுகர் மிகவும் இறங்கினாலும் ஒரு பக்கக் கைகால் விழும், பேச்சு குழறும். குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.7-ஐத் தாண்டினாலோ அந்த ஊசியைப் போடக் கூடாது. ஆனால் வார்ஃபரின் மாதிரி ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடாத, ரத்தக் கோளாறு ஏதும் இல்லாத ஒருவருக்கு அந்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். லேபிலிருந்து ரிப்போர்ட் வர 40 நிமிடம் என்றால் ஏழரைக் கோடி அணுக்கள் போய்விடும்.

அந்த நிமிடங்களில் மூளைக்குள் நடப்பது இது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் பாய வேண்டும். 20-க்குக் கீழே போனால் அணு வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. 10-க்குக் கீழே போனால் அணுச்சவ்வின் அயனிப் பம்புகள் நின்றுவிடும், நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டும், கால்சியம் உள்ளே புகுந்து அணுவைக் கொன்றுவிடும். அடைப்பின் நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடுகிறது. அதைச் சுற்றி, செயலிழந்தும் உயிரோடிருக்கும் ஒரு வளையம் மிஞ்சுகிறது. நாலரை மணி நேரத்துக்குள் போடும் ஊசியும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை செய்யும் ரத்தக்கட்டி அகற்றும் சிகிச்சையும் அந்த வளையத்தைக் காப்பாற்றத்தான்.

ட்ரோபோனினோடு ஒப்பிட்டீர்கள். அதிலேயே ஒன்றைக் கவனியுங்கள்: முழு அடைப்பு வகை மாரடைப்பில் ஈசிஜியைப் பார்த்ததும் ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோவார்கள், ட்ரோபோனினுக்காக நிற்பதில்லை. அதுவும் ஏறுவதற்கு நேரம் எடுக்கும். மூளை விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால் சேதமான அணுவின் புரதம் சட்டென்று வெளியே வராது. வந்தாலும் அது மூளைக்கு மட்டுமே உரியதாக இருப்பதில்லை. எஸ்100பி என்ற மூளைப் புரதம் கொழுப்புத் திசுவிலும் உண்டு. என்எஸ்இ என்ற நரம்பணுப் புரதம் சிவப்பணுக்களுக்குள்ளும் உண்டு, ஆகவே ரத்தம் எடுக்கும்போது மாதிரி சிதைந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடும்.

எல்லாவற்றையும்விட, ‘இது பக்கவாதமா’ என்ற விடை மட்டும் போதாது. அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரிய வேண்டும். அடைப்புக்கான ஊசியைக் கசிவுள்ளவருக்குப் போட்டால் உயிர் போகலாம். சிடியில் புதுக் கசிவு வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பு முதல் சில மணி நேரங்களில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ‘ஸ்கேன் நார்மல், ஆனாலும் பக்கவாதம்’ என்று டாக்டர் சொல்வதில் முரண்பாடு இல்லை. கசிவு இல்லை என்பதைத்தான் அந்த ஸ்கேனில் தேடுகிறார்.

இந்த வேறுபாட்டைக் காட்டக்கூடிய ஒரு புரதம் உண்டு, பெயர் ஜிஎஃப்ஏபி. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்களின் எலும்புக்கூட்டுப் புரதம் இது. குழாய் வெடித்து ரத்தம் பீறிடும்போது அந்த அணுக்களும் தடுப்பும் ஒருசேரக் கிழிவதால் சீக்கிரமே ரத்தத்தில் தென்படும். அடைப்பிலோ அணு மெல்ல வீங்கிச் சிதைய 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது, அதன் பிறகுதான் அளவு ஏறும். ஆக, நாலரை மணிக்குள் எடுத்த ரத்தத்தில் அளவு அதிகம் என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். ஜெர்மனியின் 14 பக்கவாத மையங்களில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில் இதன் உணர்திறன் (கசிவு உள்ளவர்களைப் பிடிப்பது) 84 சதவீதம், தனித்தன்மை (கசிவு இல்லாதவர்களைச் சரியாக ஒதுக்குவது) 96 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 கசிவில் 16 தப்பிவிடுகின்றன, குறிப்பாகச் சின்னக் கசிவுகள். அந்த 16 பேருக்கு ஊசி போட்டால் என்னாகும்? ஸ்கேனை இது ஓரங்கட்டாது.

பயன் ஆம்புலன்ஸில் இருக்கலாம். 2024-ல் வெளியான இன்டராக்ட்4 ஆய்வில் சீனாவில் ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கசிவு வந்தவர்களுக்கு நன்மை, அடைப்பு வந்தவர்களுக்குத் தீமை, மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. வழியிலேயே யாருக்கு எது என்று சொல்லும் ஒரு கருவி இருந்தால் இந்தக் கதை மாறும். ஆராய்ச்சியாளர்கள் ஜிஎஃப்ஏபியை விடாமல் பிடித்திருப்பது அதற்காகத்தான்.

அதுவரை, ரத்தம் சொல்ல முடியாததை வீட்டார்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மறுபடி அறிகுறி தெரிந்தால் 108-ஐ அழைத்து, சிடி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், விழித்த நேரத்தை அல்ல, படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கடைசி வேளை எப்போது என்பதும் வேண்டும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருக்கலாம். தண்ணீரும் வேண்டாம், விழுங்கும் திறன் போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

இனி அந்தப் பேக்கேஜ். எந்தப் பரிசோதனையானாலும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: ரிப்போர்ட் எப்படி வந்தாலும் டாக்டர் தரப்போகும் மருந்து மாறுமா? மாறாதென்றால் அது தேவையில்லை.

புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாடு முக்கியமாகச் சிரைகளில் ரத்தம் உறையும் நோய். 62 வயதில் தமனி அடைத்த உங்கள் அப்பாவுக்கு இதனால் ஒன்றும் கிடைக்காது. அதோடு, புதிதாக ரத்தம் உறைந்திருக்கும்போதும் வார்ஃபரின் சாப்பிடும்போதும் இவை இயல்பாகவே குறையும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டு ‘பரம்பரைக் குறைபாடு’ என்று ஆயுளுக்கும் பயந்து வாழ்பவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின்போ, கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதோ இளம்பெண்ணுக்குக் கடும் தலைவலியும் வலிப்பும் வந்து மூளைச் சிரையில் ரத்தக்கட்டி என்று தெரிந்தால் நிலைமை வேறு, அங்கே இவற்றுக்கு இடமுண்டு. ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துண்டான டி-டைமரும் அப்படித்தான். அங்கே ஒரு துணைச் சான்றாகும், மற்றபடி காய்ச்சல், அறுவை சிகிச்சை, முதுமை எதிலும் ஏறும்.

இளம் வயதில் காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தால் ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகளைத் தேட வேண்டும். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும். ஹெப்பாரினும் புதுவகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் இவற்றில் ஒன்றான லூபஸ் பரிசோதனையைக் குழப்பிவிடும் என்பதால், என்ன மருந்து ஓடுகிறது என்று லேபில் சொல்லியாக வேண்டும்.

ரத்தத்திலுள்ள அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீன் உங்கள் அப்பாவின் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்கத்தக்கது. ஆனால் அதைவிட முதலில் வைட்டமின் பி12 பார்க்கலாம். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், சைவ உணவுக்காரர் என்றால் இன்னும் குறையும், அது குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். எடுப்பதானால் காலையில் வெறும் வயிற்றில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். வீட்டில் எடுத்த குழாய் மதியம்வரை பையில் கிடந்தால் சிவப்பணுக்கள் அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், ரிப்போர்ட் ‘அதிகம்’ என்றுதான் வரும். வைட்டமின் கொடுத்து அளவைக் குறைத்தால் மறுபடி பக்கவாதம் வராதா? 2004-ல் வந்த விஐஎஸ்பி ஆய்வில் பலன் இல்லை. 2015-ல் சீனாவில் ரத்த அழுத்த மருந்தோடு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மாவில் ஃபோலேட் சேர்க்காத நாடு அது என்பதை மறக்கக் கூடாது. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்க வேண்டாம், ரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் தொடரும்.

ஒரு குறியீடு ஆபத்தைக் காட்டுகிறது என்பதாலேயே அதை வைத்து மருந்து கொடுத்தால் பலிக்கும் என்றில்லை. இதயச் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற புரதம் ஏறியிருப்பது போன்ற இதய அடையாளங்களை வைத்து, காரணம் தெரியாத பக்கவாதக்காரர்களுக்கு அபிக்சபான் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தது 2024-ல் வெளியான அர்கேடியா ஆய்வு. ஆஸ்பிரினைவிட அது மேலாக இல்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை ஈசிஜியிலோ பல நாள் துடிப்புப் பதிவிலோ நேரடியாகப் பிடித்தால்தான் அந்த மாத்திரைக்கு வேலை.

அப்பாவுக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடங்கள் சாதாரணமானவை. ‘கெட்ட’ கொலஸ்ட்ராலான எல்டிஎல் (தமனித் தடிப்பால் வந்த அடைப்பு என்றால் 70-க்குக் கீழே வைப்பது நல்லது என்று 2020-ல் வெளியான டிஎஸ்டி ஆய்வு காட்டியது), மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கழுத்துத் தமனி டாப்ளர், எக்கோ. ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறான அளவு காட்டலாம், அதையும் பாருங்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் பேக்கேஜ் வேண்டாம். ரத்த அழுத்தம், வெறும் வயிற்று சுகர், கொலஸ்ட்ரால் இவை போதும். கூடுதலாக ஒன்று எடுப்பதென்றால், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன்-ஏ. பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மி.கி., அல்லது லிட்டருக்கு 125 நானோமோல், இதற்கு மேல் என்றால் மற்ற ஆபத்துகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு அலகுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாக மாற்ற முடியாது, ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.