ஸ்டோரிபோர்ட் படங்கள் வடிவாக இருந்தும் ஏன் விளங்கவில்லை?

உங்கள் கேள்வி இதுதானே: குறும்படத்துக்கு ஸ்டோரிபோர்ட் (படத்தின் ஒவ்வொரு ஷொட்டையும் எடுக்கமுதலே கட்டம் கட்டமாகக் கீறி வைப்பது) வரைந்தீர்கள், பார்த்தவர்கள் எல்லாரும் வடிவு என்கிறார்கள், ஆனால் கமராமன் மட்டும் "இதில என்ன நடக்குது?" என்று கேட்கிறார். ஓவிய வகுப்புக்குப் போகவா, டப்லெட் வாங்கவா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கை நன்றாகத்தான் இருக்கிறது போல. அப்படியானால் குழப்பம் தெரிவில். ஒரு கட்டத்துக்குள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு வரைந்திருப்பீர்கள். படப்பிடிப்பு நாளில் கமராமன் வெயிலுக்குள் நின்றபடி கொப்பியைத் திறந்து இரண்டு செக்கன் பார்ப்பார். அதற்குள் யார், எந்தப் பக்கம் பார்க்கிறார், என்ன செய்கிறார், கமரா எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியவேண்டும். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்ததால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் குறும்படமும் விளம்பரமும் எடுக்கிற பெடியளுக்குக் கட்டம் வரைந்து கொடுப்பவன். என் கையில் உள்ள பழக்கங்களைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு சின்னக் காட்சி: பெடியன் ஒருவன் ஒழுங்கையால் சைக்கிளில் வருகிறான், படலையடியில் நின்று மணி அடிக்கிறான், விறாந்தையில் இருந்த அம்மம்மா எழும்பி வருகிறார், அவன் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறான்.

கட்டம் போட முதல் இந்த வளவை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம் கீறுங்கள். ஒழுங்கை, வேலி, படலை, முற்றம், கிணறு, விறாந்தை. பெடியன் வருகிற வழிக்கும் அம்மம்மா நடக்கிற வழிக்கும் ஒவ்வொரு கோடு. அதன்மேல் கமரா நிற்கும் இடங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று குறியுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். கட்டங்களில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேயே பிடிபடும். கிணறு ஒரு ஷொட்டில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் வந்தால் அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பெடியனும் அம்மம்மாவும் படலையில் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினையுங்கள். கமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே இருக்கட்டும். கிணற்றுப் பக்கம் என்று வைத்தால் எல்லா ஷொட்டும் கிணற்றுப் பக்கமிருந்தே. அப்போது அவன் குளோசப்பில் வலப்பக்கம் பார்ப்பான், அவர் குளோசப்பில் இடப்பக்கம் பார்ப்பார், பார்க்கிறவருக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று தெரியும். ஒரு ஷொட்டில் மட்டும் கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், மூன்றாவது ஆள் ஒருவர் எங்கோ நிற்கிறார் என்று தோன்றும். கோட்டைத் தாண்டவே கூடாது என்றில்லை. தாண்டத்தான் வேண்டுமென்றால் கமரா நகர்ந்து தாண்டுவதைக் காட்டுங்கள், அல்லது நடுவில் கடிதத்தின் குளோசப்பை வைத்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

திசை எவ்வளவு முக்கியம் என்று பார்க்க, யாழ்ப்பாணத்தையும் வேலணைத் தீவையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நடுவில் போய் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர். ஒருவன் மோட்டார்சைக்கிளில் அதில் போகிறான் என்று கட்டம் போடுகிறீர்கள். அவன் யாழ்ப்பாணத்துக்குள் வருகிறானா, வேலணைப் பக்கம் போகிறானா என்று பின்னணி ஒரு நாளும் சொல்லாது. அவன் இடமிருந்து வலம் போகிறானா, வலமிருந்து இடமா என்பதுதான் சொல்லும். அதனால் படம் தொடங்கமுதலே ஒன்றை முடிவு செய்யுங்கள்: டவுன் எப்போதும் வலப்பக்கம், தீவுப்பக்கம் எப்போதும் இடப்பக்கம். முதல் அகலமான ஷொட்டில் யாழ்ப்பாணக் கோட்டையை வலப்பக்கம் தெரிய வைத்துவிட்டால் பார்க்கிறவர் மனதில் அது பதிந்துவிடும். பிறகு அவன் இடப்பக்கம் போகிற ஒவ்வொரு கட்டத்திலும் ஊரை விட்டுப் போகிறான் என்று வசனமே இல்லாமல் விளங்கும். குறிகட்டுவானில் படகு புறப்படுகிற காட்சிக்கும் இதேதான். இறங்குதுறையில் ஒரு ஷொட், படகுக்குள் மறுபக்கமிருந்து ஒரு ஷொட் என்று கவனமில்லாமல் வைத்தால், போன படகு உடனே திரும்பி வருவதுபோல் இருக்கும்.

சரி, இனி கட்டத்துக்குள் வருவோம்.

சின்னதாக வரையுங்கள். நாலு சென்ரிமீற்றர் அகலம், இரண்டேகால் உயரம். இது 16:9 விகிதம்தான், உங்கள் போன் கமராவும் பெரும்பாலும் அதில்தான் வீடியோ எடுக்கும். கூர் பென்சிலை வைத்துவிட்டுத் தடித்த பேனையை எடுங்கள். அந்த அளவுக்குள் கண் இமை வரைய இடமில்லை, அதுதான் நமக்கு வேண்டும். உருவம் எங்கே, எவ்வளவு பெரிது, வெறுமை எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சும். இந்த அளவில் விளங்காத கட்டம் பெரிதாக்கினாலும் விளங்காது.

அடுத்தது நிழலுரு. உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். பெடியன் கடிதம் கொடுக்கிற கட்டத்தை நேரே முன்னாலிருந்து வரைந்தால் கையும் கடிதமும் அவன் நெஞ்சுக்குள் மறைந்துபோகும். கறுப்படித்தால் கை இல்லாத ஒரு ஆள் நிற்பான். அதையே பக்கவாட்டில் வரையுங்கள்: இருவர் உருவத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி, அந்த இடைவெளிக்குள் நீட்டிய கை, கை நுனியில் ஒரு சின்னச் சதுரம். முகமே தேவையில்லை. அம்மம்மாவின் கை இன்னும் நீளவில்லை என்றால் அவர் தயங்குகிறார் என்பதும் அந்த வெள்ளை இடைவெளியிலேயே தெரிகிறது. இந்த ஒரு கட்டத்துக்காக நான் அரை மணித்தியாலம் செலவழிப்பேன், மற்றவற்றை ஓட்டமாக முடித்துவிடுவேன்.

நிறத்துக்கு மூன்று போதும்: தாளின் வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு கறுப்பு. எங்கள் மத்தியான வெயில் இதற்குத் தோதானது. முற்றம் வெள்ளை, விறாந்தை நிழல் சாம்பல், வீட்டுக்குள் கறுப்பு. வெள்ளையும் கறுப்பும் உரசுகிற இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். அம்மம்மாவின் வெள்ளைச் சேலை கறுத்த வாசலுக்கு முன்னால் வந்தால் கட்டத்தில் வேறு எது இருந்தாலும் பார்வை அவரிடம்தான் போகும். படலையைச் சுற்றியும் அதே அளவு கறுப்பை அடித்துவிட்டால் கண் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும். உங்கள் படங்களில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடிவானக் கோட்டைப் பலர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணம் தட்டை மண், மேடு பள்ளக் கணக்கு அநேகமாக இல்லை, அதனால் விதி சுகமானது. கமரா நிற்கிற ஆளின் கண் உயரத்தில் இருந்தால், அதே உயரமான ஆக்கள் கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும் எல்லார் கண்ணும் அடிவானக் கோட்டிலேயே இருக்கும். கமராவை இடுப்புக்கு இறக்கினால் கோடு எல்லார் இடுப்பையும் வெட்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒழுங்கையின் தூரத்தில் வருகிற பெடியன் காற்றில் மிதக்கமாட்டான். கமராமனும் கோட்டைப் பார்த்தே கமராவை எந்த உயரத்தில் வைப்பதென்று தெரிந்துகொள்வார்.

அப்புறம் பனை. எங்கள் ஊரில் எங்கே கமரா வைத்தாலும் ஒரு பனை உள்ளே வரும், சரியாக யாராவது ஒருவர் தலையிலிருந்து முளைத்து நிற்கும். வேலியின் மேல்விளிம்பு கழுத்தை வெட்டுவதும், சைக்கிள் ஹான்டில் படலைக் கட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்பதும் இதே சாதிதான். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று தெரியாது. ஒன்றை மற்றதன்மேல் நன்றாக ஏற்றிவிடுங்கள், அல்லது நன்றாக விலக்குங்கள்.

அம்புக்குறியில் இரண்டு வகை வைத்திருங்கள். ஆள் நகர்வதற்குக் கட்டத்துக்குள்ளே மெல்லிய அம்பு, கமரா நகர்வதற்குத் தடித்த வெற்று அம்பு. கமரா கிட்டப் போனால் உள்ளே ஒரு சின்னக் கட்டம் போட்டு நாலு மூலையிலிருந்தும் அம்பு கீறுங்கள். கமரா பக்கவாட்டில் திரும்பினால் கட்டத்தையே நீட்டி வரையலாம்.

எல்லாவற்றையும் கொப்பியில் வரிசையாக வரையாமல் தனித்தனித் துண்டுகளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் படங்களைப் பலகையில் குத்தி வைத்துக் கதை பேசியதும் இந்த வசதிக்காகத்தான். ஒரு ஷொட்டைத் தூக்கிவிட்டால் கதை நிற்கிறதா என்று உடனே பார்க்கலாம். நம் காட்சியில் மணியடிக்கிற கையின் குளோசப்பைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் கேட்டு அம்மம்மா நிமிர்கிற கட்டம் இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

ஒட்டி முடிந்ததும் கதை தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். நான் பெரும்பாலும் தங்கச்சியைத்தான் கூப்பிடுவேன், அவளுக்குச் சினிமாவில் பெரிய அக்கறை கிடையாது. வசனம் எழுதிய பகுதியை மறைத்துவிட்டு, "என்ன நடக்குதெண்டு சொல்லு" என்று கேளுங்கள். வாயைத் திறந்து விளக்கம் கொடுக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே முந்தின கட்டத்துக்குத் திரும்புகிறாரோ, அந்தத் துண்டைக் கழற்றித் திரும்ப வரையுங்கள்.

ஓவிய வகுப்பைப் பற்றி: போட்டோவைப் பார்த்து முகம் வரையப் பழக்குகிற வகுப்பென்றால் இதற்கு உதவாது. அதற்குப் பதிலாக யாழ் பஸ் நிலையத்திலோ சுன்னாகம் சந்தையிலோ கொப்பியோடு ஒரு மணித்தியாலம் இருங்கள். யாரும் உங்களுக்காக அசையாமல் நிற்கமாட்டார்கள், அதனால் முதுகுக் கோட்டை மட்டும்தான் பிடிக்க முடியும். பை தூக்குகிறவருக்கு அது ஒரு பக்கம் சாயும், பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு முன்னுக்கு விழும், விலை பேசுகிறவர் இடுப்பில் கைவைத்துப் பின்னுக்குச் சாய்வார். முதுகுக் கோடு சரியென்றால் குச்சி மனிதர்களே போதும்.

டப்லெட் இப்போது வேண்டாம். பிறகு கணினியில் வரைய ஆசை வந்தால் கிரிட்டா என்ற வரைகிற மென்பொருள் இலவசம், அதிலேயே ஸ்டோரிபோர்டுக்கு ஒரு பகுதி இருக்கிறது. இந்தப் படத்துக்குத் துண்டுகளைப் போனில் படமெடுத்து, ஏதாவது ஒரு எடிற்றிங் அப்பில் வரிசையாகப் போட்டு, வசனத்தை உங்கள் குரலிலேயே பேசிச் சேர்த்துக் கமராமனுக்கு அனுப்பிவிடுங்கள். எந்த ஷொட் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்வார்.