புஜங்காசனம் (குப்புறப் படுத்து, கையூன்றி மார்பைத் தூக்கும் யோகாசனம்) செய்தால் வயிறு இழுபடவில்லை, அடிமுதுகுதான் வலிக்கிறது. என்ன தவறு?

நீங்கள் தேவைக்கு மேல் உயரமாக எழும்புகிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

வயிற்றின் முன்பக்கத் தசை நெஞ்செலும்பின் அடியிலும் விலா எலும்புகளிலும் ஒட்டியிருக்கிறது. அதன் மறுமுனை, அடிவயிறு முடியும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பில். இந்த இரு முனைகளும் விலகினால்தான் தசை நீளும். கையை முழுக்க நிமிர்த்தி எழும்பினால், உடம்பு சுலபமான வழியாக அடிமுதுகின் ஒன்றிரண்டு மூட்டுகளில் மட்டும் வளைந்துகொள்ளும். அங்கே நெரிகிறது, வயிற்றுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

சில வாரங்களுக்கு முழங்கை ஊன்றியே செய்யுங்கள். சாப்பிட்டு 2, 3 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். 5 நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுக் குப்புறப் படுங்கள். முழங்கைகள் தோளுக்கு நேர் கீழே, முன்கைகள் தரையில். இனி உள்ளங்கைகளை அழுத்தி, பாயை உங்கள் பக்கம் இழுப்பதுபோல் செய்து பாருங்கள். கை நகராது, மார்பு முன்னால் நகரும். இந்தச் சின்ன இழுப்புதான் முக்கியம். அடிவயிற்று எலும்பு தரையை விட்டு எழும்பினால் முழங்கைகளை ஒரு சாண் முன்னே தள்ளி வையுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்க்காதீர்கள், தோள்கள் காதை நோக்கி ஏறவும் கூடாது.

20 நொடி இருந்து, இறங்கி ஓய்வெடுத்து, மொத்தம் 3 தடவை. வாரத்துக்கு 3 நாள் போதும். மூச்சை அடக்கினால் வயிறு இறுகிவிடும், இறுகிய தசை நீளாது. மூச்சை இழுக்கும்போது வயிறு தரையில் அழுந்துவது தெரிய வேண்டும். சரியாக வந்தால் தொப்புளைச் சுற்றிப் பரவலாக மெல்லிய இழுப்பு இருக்கும். ஒரே புள்ளியில் குத்தாது.

விலாப்பக்கத் தசைக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கையை உயர்த்தி, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். சுவர் இருப்பதால் உடம்பு முன்னால் திரும்பாது.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குத் தொடையின் மேற்புறமும் இறுகியிருக்கும். அது இடுப்பை முன்னால் சாய்த்து அடிமுதுகை முன்கூட்டியே வளைத்துவிடும். அப்படியானால் ஒரு காலில் மண்டியிட்டு, இடுப்பை 30 நொடி முன்னால் தள்ளும் பயிற்சியை முதலில் செய்யுங்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சையோ சிசேரியனோ ஆனவர்கள், முதுகெலும்பு நழுவல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். காலுக்குள் மரமரப்போ மின்னல் வெட்டுவது போன்ற வலியோ இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முழங்கை ஊன்றி 20 நொடி சுகமாக இருக்க வந்த பிறகு உள்ளங்கைக்கு மாறலாம். அப்போதும் முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும்.